பாதியில் நின்ற கப்பல்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கப்பலைக் கட்டிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பொருத்தமாகவே இருந்திருக்கும். சுவர் எழும்பி, மேல் தளம் போடுவதற்குள் பணம் தீர்ந்துவிட்டால், வீட்டுக்காரர் நாலு தென்னங்கீற்றை மேலே பரப்பிவிட்டுக் காலத்தை ஓட்டலாம். எழுநூறு அடி நீளமுள்ள ஒரு யுத்தக் கப்பல் பாதியில் நின்றுபோனால் அதை எந்தக் கீற்றால் மூடுவது?

இரண்டாவது உலக மகா யுத்தம் 1945-ம் வருஷம் முடிந்தபோது பிரிட்டிஷ் சர்க்காரிடம் இப்படி அரைகுறையாக நின்ற விமானந் தாங்கிக் கப்பல்களில் ஒரே அச்சில் வார்த்த ஆறு இருந்தன. மாஜஸ்டிக், டெரிபிள், மாக்னிபிஸெண்ட், பவர்புல், ஹெர்குலிஸ், லெவையதன் என்று அவற்றுக்குப் பெயர். தமிழில் சொன்னால் கம்பீரம், பயங்கரம், மகோன்னதம், மகாபலம். பிறகு கிரேக்க புராணத்துப் பீமசேனன் ஒருவன். பைபிளில் வரும் கடல் பூதம் ஒன்று. பெயரில் ஒரு குறைவும் வைக்கவில்லை. ஆனால் இந்த ஆறில் ஒன்றாவது தன்னைக் கட்டிய பிரிட்டிஷ் கடற்படையில் சேவை செய்யவில்லை. ஐந்து கப்பல்கள் பிற தேசங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்று கடைசி வரையில் முடிக்கப்படாமலே உடைபட்டது. அந்த ஐந்தில் ஹெர்குலிஸ் என்பதை நேயர்கள் வேறு பெயரில் நன்றாக அறிவார்கள். அதுதான் நமது பழைய "விக்ராந்த்".

இக்கப்பல்கள் ஏன் பிறந்தன, எப்படி அமைக்கப்பட்டன, ஏன் நின்றன என்பதை இவ்வாரம் பார்க்கலாம்.

1941-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி மலேயாக் கரையோரத்தில் "பிரின்ஸ் ஆப் வேல்ஸ்", "ரிபல்ஸ்" என்ற இரு பெரும் பிரிட்டிஷ் போர்க் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பீரங்கி எவ்வளவு பெரிதாயிருந்தால் என்ன, தலைக்கு மேலே தன் பக்கத்து விமானம் இல்லாத கப்பல் பிழைக்காது என்பது அன்று உலகத்துக்கே தெளிவாயிற்று. ஆகவே 1942 மார்ச்சு மாதத்திலிருந்து சிறிய விமானந் தாங்கிகளுக்குப் பிரிட்டிஷார் அவசரம் அவசரமாக உத்தரவு கொடுக்கலானார்கள். அடுத்த மாதமே அந்த அவசரத்துக்குக் காரணம் நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி இலங்கையில் மட்டக்களப்புக்கு அருகே "ஹெர்மிஸ்" என்ற பழைய விமானந் தாங்கி முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களுடன் கடலுக்குள் போயிற்று. விமானந் தாங்கி என்று பெயர். அன்று அதன் மேல் ஒரு விமானங்கூட இல்லை! சென்னைப் பட்டினத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் ஏறிய கதை அநேகக் குடும்பங்களில் இன்னும் வழங்கி வருகிறது. பட்டினம் காலியாகிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் மேற்படி கப்பல்களின் படங்கள் இங்கிலாந்தில் தயாராகிக்கொண்டிருந்தன. மொத்தம் பதினாறு கப்பல்கள். முதல் பத்துக்குக் "கொலாஸஸ்" வகுப்பு என்று பெயர். கனமான விமானங்களைத் தாங்கும்படி பலப்படுத்திய கடைசி ஆறுக்கு "மாஜஸ்டிக்" வகுப்பு என்று பெயர்.

இவற்றின் அமைப்பில் மிகவும் விசேஷமானது என்னவென்றால், இவை நீண்ட நாள் வாழ வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை. யுத்தம் முடியும் வரையில், அல்லது மூன்று வருஷம், உழைத்தால் போதும். பிறகு உடைத்து இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பது உத்தேசம். கலியாணப் பந்தலுக்குத் தேக்குமரத் தூண் வேண்டியதில்லை அல்லவா?

அதனால் விக்கர்ஸ் கம்பெனியின் நிபுணர்கள், யுத்தக் கப்பலுக்கு வழக்கமான கடுமையான முறைகளை விட்டுவிட்டு, வர்த்தகக் கப்பல்களுக்கு லாயிட்ஸ் சங்கத்தார் வகுத்திருந்த விதிகளையே பெரும்பாலும் கைக்கொண்டார்கள். போர்க் கப்பலே கட்டியறியாத துறைகளிலும் இவற்றைக் கட்ட முடியவேண்டும் என்பது நோக்கம். நீளம் சுமார் 700 அடி; உடலின் அகலம் 80 அடி; எடை ஏறக்குறைய 16,000 டன். அக்காலத்து முதல்தரமான "இல்லஸ்ட்ரியஸ்" கப்பலுக்கு மேல்தளத்தில் மூன்று அங்குல கனத்தில் உருக்குக் கவசம் உண்டு. இவற்றுக்கோ கவசம் என்பதே இல்லை.

இயந்திரத்திலும் அதே சிக்கனம்தான். நாலு பாய்லர்கள், நீராவியால் சுழலும் இரண்டு டர்பைன் தொகுதிகள், இரண்டு சுழலிகள், 40,000 குதிரை சக்தி. குரூஸர்களில் வழங்கும் இயந்திர வகைதான் இது. பதினாறில் சிலவற்றுக்கு, கட்டாமல் கைவிட்ட குரூஸர்களின் டர்பைன்களையே எடுத்துப் போட்டார்களாம். பாய்லர்களையும் டர்பைன்களையும் இரண்டு பிரிவாக்கித் தனித்தனியே வைத்தது நல்ல யோசனை. ஒரு பக்கத்தில் குண்டு பட்டாலும் மற்றொரு பக்கம் கப்பலைக் கரை சேர்க்கும். எல்லாம் சரி; ஆனால் வேகம் மணிக்கு இருபத்து நாலரைக் கடல் மைல்தான். இல்லஸ்ட்ரியஸ் கப்பலுக்கு 1,11,000 குதிரை சக்தியும் முப்பது மைல் வேகமும் இருந்தன.

வேகம் குறைந்தால் என்ன, கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரட்டுமே என்று வாசகர்கள் கேட்கலாம். விஷயம் அதுவல்ல. காற்றாடி விடும் பையன் என்ன செய்கிறான்? காற்றுக்கு எதிர்த் திசையில் ஓடுகிறான். அப்போதுதான் காற்றாடி எழும்புகிறது. விமானந் தாங்கிக் கப்பலும் அந்தப் பையனைப் போலத்தான். விமானம் கிளம்பும்போது கப்பல் காற்றை எதிர்த்து முழு வேகத்தில் ஓட வேண்டும். இயற்கைக் காற்றும் கப்பலின் ஓட்டமும் சேர்ந்துதான் விமானத்தை இறக்கையில் தூக்கி நிறுத்துகின்றன. ஆகையால் மெதுவாகச் செல்லும் விமானந் தாங்கி, வாயு பகவானின் தயவை எப்போதும் எதிர்பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஒரு குறை பின்னால் இரண்டு யுத்தங்களில் தலைகாட்டிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

* * *

கொலாஸஸ் வகுப்பிலேயே முதல் கப்பல் 1944 டிசம்பரில்தான் முடிந்தது. அவ்வகுப்பில் நாலு கப்பல்கள் பஸிபிக் சமுத்திரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. மாஜஸ்டிக் வகுப்பின் கதி இன்னும் பரிதாபம். ஹெர்குலிஸை டைன் நதியில் மிதக்க விட்டது 1945 செப்டம்பர் 22-ந் தேதி. சமாதானப் பத்திரத்தில் கையெழுத்தாகி அப்போது இருபது நாள் ஆகியிருந்தது! வெற்றி பெற்ற பிரிட்டனின் பணப் பெட்டியோ காலி. லெவையதன் வேலை 1946 மே மாதம், ஐந்தில் நாலு பங்கு முடிந்த நிலையில் நின்றது. முக்கால்வாசி முடிந்திருந்த ஹெர்குலிஸை 1947-ல் ஸ்காட்லாந்துக் கடற்கழி ஒன்றில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். அங்கே பத்து வருஷம் அது துருப்பிடித்துக்கொண்டு கிடந்தது.

ஆறில் இரண்டுக்கு மட்டும் உடனே அதிர்ஷ்டம் அடித்தது என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். 1948-லேயே டெரிபிள் முடிக்கப்பட்டு "சிட்னி" என்ற பெயருடன் ஆஸ்திரேலியாவுக்கும், மாக்னிபிஸெண்ட் கானடாவுக்கும் போயின. சிட்னி 1951-ல் கொரியா யுத்தத்தில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதற்குள் ஆகாயத்தில் ஒரு புரட்சி நடந்துவிட்டது. ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. கனம் அதிகம், இறங்கும் வேகமும் அதிகம். பழைய நேர் தளத்தில் இறங்கும் விமானம் குறுக்கே கட்டிய கம்பிகளைக் கொக்கியால் பிடிக்கத் தவறிவிட்டால், எதிரே நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களின் மேல் போய் மோத வேண்டியதுதான்.

இதற்குப் பிரிட்டிஷாரே மூன்று யுக்திகள் கண்டுபிடித்தார்கள். முதலாவது, இறங்கும் தளத்தைக் கப்பலின் நேர்க் கோட்டிலிருந்து இடப்புறமாகச் சற்றே சாய்த்து அமைப்பது. கம்பியைத் தவறவிட்ட விமானி விசையைக் கூட்டி மறுபடியும் வானத்தில் ஏறிவிடலாம். எவ்வளவு எளிய யோசனை! 1951-ல் காப்டன் காம்பெல் என்பவர் சொல்லும் வரையில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது, கப்பலின் பாய்லரிலிருந்தே நீராவியை எடுத்து விமானத்தைக் கவண் கல்போல் எறியும் பொறி. இது மிட்செல் என்பவருடையது. மூன்றாவது, இறங்கும் பாதை சரியா தவறா என்று விமானிக்குக் காட்டும் நிலைக்கண்ணாடி. அதைக் கண்டுபிடித்த குட்ஹார்ட் என்ற அதிகாரி, தம் காரியாலயத்தில் ஒரு கைக்கண்ணாடியையும் உதட்டுச் சாயக் குப்பியையும் மேஜை மேல் வைத்து மற்றவர்களுக்கு விளக்கிக் காட்டினாராம். அலங்காரப் பெட்டியால் அநர்த்தமே தவிர அர்த்தமில்லை என்று சொல்லும் கணவன்மார்கள் கவனிக்கவும்.

இம்மூன்றும் வந்தபோது, முடிந்த கப்பல்கள் கிழவிகளாகிவிட்டன. முடியாத கப்பல்கள் குமரிகளாகவே இருந்தன. சிட்னியைத் திருத்தி அமைக்கும் உத்தேசம் 1954-ல் கைவிடப்பட்டது. அது பயிற்சிக் கப்பலாகி, கடைசியில் வியத்நாமுக்குச் சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் தோணியாயிற்று. மாக்னிபிஸெண்ட் 1957-ல் திரும்பி வந்தது. ஆனால் நிறுத்தி வைத்திருந்த மாஜஸ்டிக், பவர்புல், ஹெர்குலிஸ் மூன்றிலும் புதிய தளத்தையும் புதிய பொறிகளையும் முதலிலிருந்தே பொருத்த முடிந்தது. மாஜஸ்டிக் 1955-ல் "மெல்போர்ன்" ஆகி ஆஸ்திரேலியாவுக்கும், பவர்புல் 1957-ல் "போனவென்சர்" ஆகிக் கானடாவுக்கும் போயின. மெல்போர்ன் எதிரியின் மேல் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. ஆனால் 1964-லும் 1969-லும் நட்புக் கப்பல்கள் இரண்டுடன் மோதி 82 பேரும் 74 பேருமாக உயிரிழக்கும்படி நேர்ந்தது. அந்தத் துயரக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

* * *

ஹெர்குலிஸை இந்தியா சர்க்கார் 1957 ஜனவரியில் வாங்கினார்கள். பெல்பாஸ்ட் நகரத்துக்கு இழுத்துச் சென்று, ஹார்லண்ட் அண்டு உல்ப் துறையில் மிச்ச வேலையை முடித்தார்கள். 1961 மார்ச்சு 4-ந் தேதி ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் அதை விக்ராந்த் என்ற பெயருடன் பாரதக் கடற்படையில் சேர்த்துவைத்தார். விக்ராந்த் என்றால் பராக்கிரமசாலி. கிரேக்க வீரனுடைய பெயரை நீக்கினாலும் அதன் பொருளை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டதை ரஸிக்கலாம். நவம்பர் 3-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் பண்டித ஜவாஹர்லால் நேரு அதை வரவேற்றார்.

சுதந்திரம் பெற்ற ஒரு தேசம், முந்நாள் எஜமானனின் கொல்லையில் பாதியில் நின்ற பொருளை வாங்குவது கௌரவமா என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சமையல் தெரியாதவன் முதலில் கிடைத்த அடுப்பில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. அது 1970-ல் வந்தது.

அவ்வருஷம் பம்பாயில் விக்ராந்தின் பாய்லர்களைப் பரிசோதித்தபோது, அவற்றின் நீர்க் கலங்களில் வெடிப்புகள் கண்டிருந்தன. பற்றவைத்துச் சரிப்படுத்த முடியாத வெடிப்புகள். மூன்று வருஷத்துக்கென்று வரைந்த கப்பல், மிதந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அதன் மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மாற்றுக் கலம் செய்ய நம் தேசத்தில் வசதியில்லை. பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டும். அது வருவதற்குள் கிழக்கு வங்காளத்தில் நெருப்புப் பற்றிக்கொண்டது. லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். கப்பலோ நமது, அதன் உயிர்நிலை எங்கோ ஏழு கடல் தாண்டி ஓர் அந்நியர் தொழிற்சாலையில் இருந்தது.

கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தா கப்பலைத் துறையில் கட்டிவைக்க இசையவில்லை. நாலு பாய்லரில் ஒன்றை அணைத்துவிட்டு, மற்ற மூன்றையும் குறைந்த அழுத்தத்தில் எரித்து ஓட்டிப் பார்த்தார்கள். பாய்லர் வெடித்தால் அந்த அறையில் வேலை செய்பவர்கள் கதி என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அவர்கள் அது தெரிந்துதான் உள்ளே இறங்கினார்கள். 1971 ஜூலை மாதத்தில் விக்ராந்த் பம்பாயை விட்டுக் கொச்சி வழியாகச் சென்னைக்கு வந்தது, பிறகு விசாகப்பட்டினம், பிறகு அந்தமான் தீவுகளில் ஓர் ஒதுக்குப்புறத் துறை.

கிழக்குப் பிராந்தியக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தைத் தேடிப் பாகிஸ்தானின் "காஸி" என்ற நீர்மூழ்கி வருகிறது என்று அவர் ஊகித்தார். உடனே விக்ராந்த் விசாகப்பட்டினத்திலேயே இருப்பதுபோல் ஒரு நாடகம் ஆடினார். ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அரிசி, காய்கறி, இறைச்சி முதலியவற்றுக்குக் கடைத்தெருவில் தாராளமாக உத்தரவு கொடுக்கச் செய்தார். "ராஜபுத்" என்ற பழைய நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல் கம்பியில்லாத் தந்தி மூலம் ஓயாமல் பேச வைத்தார். அவற்றுள், மாலுமி ஒருவன் தன் தாயாரின் உடல் நிலையை விசாரித்து அனுப்பியதாக ஒரு தந்தியும் உண்டு! டிசம்பர் 3-ந் தேதி நள்ளிரவை ஒட்டிக் காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே அத்தனை பேருடனும் மூழ்கிற்று. எப்படி மூழ்கிற்று என்பதில் இரண்டு தேசத்தாரும் வெவ்வேறு விதமாகச் சொல்லுகிறார்கள்.

மறுநாள் விக்ராந்திலிருந்து ஸீ ஹாக் விமானங்கள் கிளம்பிக் காக்ஸ் பஜாரைத் தாக்கின, அப்புறம் சிட்டகாங். மூன்று பாய்லர்களுடன் கப்பலின் வேகம் பதினாறு பதினேழு கடல் மைலுக்கு மேல் போகவில்லை. நான் முன்னே சொன்ன காற்றாடிப் பையனுக்கு ஒரு கால் நொண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் காற்றுக்குக் காத்திருந்து, கணக்குப் பார்த்துத்தான் விமானத்தை ஏவினார்கள். ஆயினும் கிழக்கு வங்காளத்துத் துறைமுகங்கள் அடைபட்டன. டிசம்பர் 16-ந் தேதி டாக்கா விழுந்தது.

* * *

லெவையதனை மறந்துவிடவில்லை. அது இருபது வருஷத்துக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்தது. 1968-ல் உடைக்கப் போகும் சமயம் அதற்கும் ஒரு கிராக்கி வந்தது. ஹாலந்து தேசத்தாரிடம் "காரல் டூர்மன்" என்ற பெயரில் இருந்த கொலாஸஸ் வகுப்புக் கப்பல் ஒன்றில் தீ விபத்து ஏற்பட்டுப் பாய்லர்கள் கெட்டுப்போயின. எரிந்தே பழகாத லெவையதன் பாய்லர்களைக் கழற்றி அதில் வைத்தார்கள். அந்தக் கப்பல் பிறகு ஆர்ஜன்டைனாவுக்கு விற்கப்பட்டு "மே இருபத்தைந்து" என்ற பொருளுள்ள பெயரைப் பெற்றது.

1982-ல் பாக்லண்டு தீவுகள் விஷயமாகப் பிரிட்டனுக்கும் ஆர்ஜன்டைனாவுக்கும் சண்டை மூண்டது. மே 2-ந் தேதி விடியற்காலை, பிரிட்டிஷ் கடற்படையைத் தாக்குவதற்குக் குண்டுகளைச் சுமந்த விமானங்கள் மேற்படி கப்பலில் தயாராக நின்றன. காற்று இல்லை! தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில் காற்று இல்லாத நாள் அபூர்வம். அன்று அபூர்வமாக அமைதி நிலவிற்று. அந்தக் கப்பலின் வேகம் மட்டும் போதவில்லை. தாக்குதல் கைவிடப்பட்டது. பிரிட்டன் கட்டி முடிக்காத கப்பலின் பாய்லர்கள் பிரிட்டனையே எதிர்த்துப் போயும், 1942-ல் செய்த சிக்கனம் அவர்களைக் காப்பாற்றிவிட்டது.

அந்தப் பிரிட்டிஷ் படைக்கு முதன்மைக் கப்பலாயிருந்தது எது தெரியுமா? புதிய ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அருகே மூழ்கிய பழைய ஹெர்மிஸின் பெயரைத் தாங்கியது. அதுவும் 1944-ல் தொடங்கிப் பதினைந்து வருஷம் இழுத்தடித்து 1959-ல் முடிந்த கப்பல்தான். 1987-ல் அதுவும் "விராட்" என்ற பெயருடன் நம்மிடம் வந்து சேர்ந்தது.

விக்ராந்துக்கு 1965 யுத்தத்திலேயே ஒரு முறை கருமாதி நடந்துவிட்டது. அது பம்பாயில் பழுது பார்க்கும் துறையில் இருக்கும்போதே, மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தானில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அது ஓய்வு பெற்றது 1997 ஜனவரி 31-ந் தேதி. சில வருஷம் பொருட்காட்சிச் சாலையாக நின்றது. பிறகு சுமார் அறுபது கோடி ரூபாய்க்கு ஏலம் போய், 2014-ல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாகித் தெருவில் ஓடிற்று. மூன்று வருஷ ஆயுள் விதித்த கப்பல் முப்பத்தாறு வருஷம் சேவை செய்தது. அதை முழு உருவில் காப்பாற்ற ஒரு துறை முகப்பு நமக்குக் கிடைக்கவில்லை என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதே பெயரில் புதிய விக்ராந்த் கொச்சித் துறையில் 2009-ல் தொடங்கப்பட்டு 2022 செப்டம்பர் 2-ந் தேதி கடற்படையில் சேர்ந்தது. எடை சுமார் 45,000 டன். உருக்கு நம் தேசத்திலேயே உருக்கியது. பாய்லரே கிடையாது, நாலு காஸ் டர்பைன்கள் ஓட்டுகின்றன. அவை அமெரிக்க வரைபடம். அதில் முதலில் இறங்கிய ஜெட் விமானங்களில் ஒன்றான மிக் ரஷ்யாவுடையது. விமானத்தை எறியும் பொறியும் அதில் இல்லை. முன்புறம் மேல்நோக்கி வளைந்த தளத்தின் மேல் ஓடி, விமானங்கள் தாமே எழும்ப வேண்டும். அதற்காக இந்தக் கப்பலும் காற்றை நோக்கித் திரும்பித்தான் ஓடுகிறது.